மின்சாரக் கார்களின் பேட்டரிகளை உடைக்கப்போவது யார்?

மின்சாரக் கார்களின் பேட்டரியால் சூழலுக்கு என்ன கேடு நேரும் என்று கேட்டால், வாகன நிறுவனங்களும் அரசும் ஒரே சொல்லை விடையாகத் தருகின்றன: மறுசுழற்சி. பழைய பேட்டரியிலிருந்து லித்தியத்தையும் கோபால்ட்டையும் நிக்கலையும் மீட்டுவிடலாம், புதிய சுரங்கங்களின் தேவை குறையும், கழிவும் பெரிதாக மிஞ்சாது என்பது அந்த விடையின் விரிவு. அறிவியல்படி இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் பேட்டரி தானாக உடைவதில்லை. யாரோ அதைக் காரிலிருந்து கழற்றுகிறார்கள், யாரோ சுமக்கிறார்கள், யாரோ பிளக்கிறார்கள், யாரோ உலைக்கருகில் நின்று அதன் புகையைச் சுவாசிக்கிறார்கள். கழிவோடு தொடர்புடைய எந்த வேலையும் இந்நாட்டில் சாதி பாராமல் பங்கிடப்பட்டதில்லை. ஆகவே மறுசுழற்சி என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேட்டரிக்குள் இருப்பவை

காரின் அடித்தளத்தில் தட்டையாகப் பொருத்தப்படும் பேட்டரித் தொகுப்பு, நடுத்தரக் காரில் 300 கிலோ அளவிலும் பெரிய கார்களில் 500 கிலோவைத் தாண்டியும் எடை கொண்டிருக்கும். அதனுள் செல்கள் அடுக்கப்பட்டுள்ளன. சில வடிவமைப்புகளில் நூறு அளவில், வேறு சிலவற்றில் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு செல்லிலும் கிராஃபைட் பூசிய செப்புத் தகடு ஒரு பக்கம், உலோகச் சேர்மம் பூசிய அலுமினியத் தகடு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய நெகிழிச் சவ்வும், எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் கரைந்த லித்தியம் உப்பும் இருக்கின்றன. அலுமினியத் தகட்டில் பூசப்படும் சேர்மமே பேட்டரியின் வகையைத் தீர்மானிக்கிறது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்தது ஒரு வகை. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டது இன்னொரு வகை. இந்தியச் சாலைகளில் பரவலாகக் காணப்படும் நெக்ஸான் மின்சாரக் காரில் இருப்பது இந்த இரண்டாவது வகையே. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மறுசுழற்சியின் பொருளாதாரம் இதைச் சுற்றியே அமைகிறது.

இவ்வுலோகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஓரளவு பேசப்பட்ட செய்தி. உலகக் கோபால்ட் உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைக்கருவிகளால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் உழைத்ததை ஆம்னஸ்டி அமைப்பு 2016இல் ஆவணப்படுத்தியது. சிலியின் அட்டகாமா உப்புப் பாலையில் லித்தியத்துக்காக நிலத்தடி உப்புநீர் இறைக்கப்பட்டு வெயிலில் ஆவியாக்கப்படுகிறது. லிக்கனந்தாய் தொல்குடியினர் தங்கள் நீராதாரம் குறித்த அச்சத்தைத் தொடர்ந்து எழுப்பி வருகின்றனர். இந்தோனேசியாவின் ஹல்மஹேரா தீவில் நிக்கலுக்காக வெட்டப்படும் காடு, ஓ ஹொங்கானா மன்யாவா பழங்குடியினரின் வாழிடம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மின்சார வாகனமே வேண்டாம் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலக்கரி மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்தியாவில்கூட, பேட்டரி தயாரிப்பு உட்பட முழு ஆயுளையும் கணக்கிட்டால் மின்சாரக் கார், பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 விழுக்காடு குறைவாகவே பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. விடியற்காலையில் நெடுஞ்சாலையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளருக்கு டீசல் புகை இல்லாத காற்று சிறிய வரமன்று. கேள்வி வேறு: அந்தப் புகை குறைவதற்கான விலையை அவருடைய உறவினர் இன்னொரு முனையில் செலுத்த வேண்டுமா?

எப்படி உடைக்கப்படுகிறது

காரின் பேட்டரி தன் கொள்ளளவில் 70 அல்லது 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது வாகனத்துக்கு உதவாது என்று ஒதுக்கப்படுகிறது. அப்போதும் அது செத்த பொருளன்று. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கவோ, இன்வெர்ட்டருக்கோ இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். அதன்பிறகே மறுசுழற்சி.

முதலில் மின்னிறக்கம் செய்ய வேண்டும். தொகுப்பில் 300, 400 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பயிற்சியில்லாத கை பட்டால் உயிர் போகும். அடுத்து மூடியைத் திறந்து, செல் கட்டுகளைப் பிரித்து, ஒட்டுப்பசையைச் சுரண்டி எடுப்பது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தொகுப்பை வெவ்வேறு விதமாக வடிவமைப்பதால், இந்தக் கட்டம் இன்னும் பெரும்பாலும் கைவேலையாகவே இருக்கிறது. பின் செல்கள், காற்றில்லாச் சூழலில் அல்லது நீருக்கடியில், அரைக்கப்படுகின்றன. செம்பும் அலுமினியமும் நெகிழியும் பிரிந்தபின் மிஞ்சுவது கறுப்பான தூள். தொழிலில் இதை ‘பிளாக் மாஸ்’ என்கிறார்கள். கருந்தூள் என்று சொல்வோம். லித்தியம், நிக்கல், கோபால்ட், கிராஃபைட் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

கருந்தூளிலிருந்து உலோகத்தைப் பிரிக்க இரு வழிகள் உள்ளன. 1,400 டிகிரி செல்சியஸ் அளவிலான உலையில் உருக்குவது ஒன்று. இதில் நிக்கலும் கோபால்ட்டும் கிடைக்கும், லித்தியம் கசடோடு போய்விடும். கந்தக அமிலத்தில் கரைத்துப் படிப்படியாகப் பிரிப்பது மற்றொன்று. லித்தியமும் கிடைக்கும், ஆனால் உப்பு நிறைந்த கழிவுநீர் பெருமளவில் சேரும்.

ஆபத்து எந்தக் கட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். செல்லைப் பிளக்கும்போது உள்ளிருக்கும் லித்தியம் உப்பு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடுகிறது. நுரையீரலையும் தோலையும் அரிக்கும் கொடிய நச்சு அது. மிச்ச மின்சாரம் இருந்தால் செல் ஒன்று தீப்பற்றி, அடுத்ததைப் பற்றவைத்து, தொகுப்பு முழுவதும் எரியும். தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளும். நிக்கல், கோபால்ட் தூசி நுரையீரலில் படிந்தால் புற்றுநோய் அபாயம் உண்டு. ஆக உடல் அழிவது கழற்றும் இடத்திலும் உடைக்கும் இடத்திலும். பணம் குவிவது அமிலக் கலன்களுக்குப் பிறகு, தூய உலோக உப்பு மூட்டையில் கட்டப்படும் இடத்தில்.

இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இன்னொரு சிக்கல். கோபால்ட்டும் நிக்கலும் அதில் இல்லை. எனவே உடைப்பவருக்கு ஆதாயம் குறைவு. லித்தியத்தின் விலை சரியும் காலங்களில், செம்பையும் அலுமினியத்தையும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவதே இலாபகரமானதாகிவிடும். எங்கே கொட்டுவார்கள்? ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. பல்லாண்டுகள் அது நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆதாயம் தீர்ந்தபின் கழிவின் முகவரி எதுவாக இருக்கும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது.

ஈயம் சொல்லும் முன்கதை

வருங்காலத்தை ஊகிக்க நாம் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. பழைய ஈய-அமில பேட்டரியின் வரலாறு நம் கண்முன்னேயே இருக்கிறது. உலகில் மிக வெற்றிகரமாக மறுசுழற்சி செய்யப்படும் பொருள்களில் ஒன்று அதுதான். அமெரிக்காவில் 99 விழுக்காடு மறுசுழற்சிக்குச் செல்வதாகத் தொழில்துறை பெருமை பேசுகிறது. இந்தியாவிலும் பழைய பேட்டரியை யாரும் குப்பையில் எறிவதில்லை, காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். அதே பொருள்தான் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலப்பதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. மறுசுழற்சி நடக்கவில்லை என்பதால் வந்த கேடன்று இது. மறுசுழற்சியே இந்தக் கேட்டின் வழி.

இது எப்படி நேர்கிறது? முறையான ஆலையில் ஈயத்தை மீட்க மூடிய உலை, தூசி வடிகட்டி, அமிலத்தை நடுநிலையாக்கும் தொட்டி, தொழிலாளருக்கு இரத்தப் பரிசோதனை என்று செலவுகள் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் இவை எதுவும் இல்லை. கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, ஈயத் தகட்டைத் திறந்த உலையில் காய்ச்சினால் போதும். செலவு இல்லாததால் கொட்டகைக்காரரால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. கூடுதல் விலை கிடைக்கும் இடத்துக்குப் பேட்டரி போகிறது. முறையான ஆலை கச்சாப்பொருள் கிடைக்காமல் காத்திருக்கிறது. இந்த விலை வித்தியாசம் முழுவதும் உடைப்பவரின் இரத்தத்திலிருந்தும் அவர் பிள்ளைகளின் மூளையிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

ஈயத் தூசி உடையோடும் தலைமுடியோடும் வீட்டுக்கு வருகிறது. சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்துக்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் கொண்ட குழந்தைகள் உலகில் 80 கோடி என்றும், அவர்களில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியாவில் உள்ளனர் என்றும் மதிப்பிட்டது. இதற்குப் பேட்டரி மட்டும் காரணமன்று. வண்ணப்பூச்சு, மசாலாக் கலப்படம், பாத்திரம் எனப் பல வழிகள் உண்டு. ஆனால் ஈய நச்சு செய்வது என்ன என்பது கல்லூரியில் படிக்கும் நம் தோழர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். கவனம் நிலைக்காது, நினைவாற்றல் குறையும், கற்கும் திறன் தேயும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குச் செல்லும் ஒரு சேரிக் குழந்தையிடமிருந்து காற்றும் மண்ணும் இதைப் பறித்துக்கொள்ள, ‘அவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று சாதியின் பெயரால் பழி சொல்லும் வகுப்பறைகள் நம்மிடம் இருக்கின்றன.

செனகலின் தலைநகர் டாக்கருக்கு அருகிலுள்ள தியாரோய்-சுர்-மேர் என்னும் பகுதியில், பேட்டரி ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்ற குடும்பங்களில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. கென்யாவின் மொம்பாசா நகரில் ஓவினோ உஹுரு என்ற குடியிருப்பை ஒட்டி இயங்கிய ஈய உருக்காலையை எதிர்த்துப் போராடியவர் பிலிஸ் ஓமிடோ. அந்த ஆலையிலேயே வேலை பார்த்தவர். தன் குழந்தைக்கே ஈய நச்சு ஏறியதை அறிந்து வெளியே வந்தவர். அவருக்கு 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2020இல் நீதிமன்றம் அக்குடியிருப்பு மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாகி, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஓவினோ உஹுருவும் குடிசைப் பகுதிதான். நச்சுத் தொழில் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம் கண்டங்கள் மாறினாலும் மாறுவதில்லை.

மின்சார வாகனங்கள் வந்ததும் ஈயத்தின் காலம் முடிந்தது என்று எண்ணிவிடவும் முடியாது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் விளக்குகளுக்காகவும் பூட்டுகளுக்காகவும் 12 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. வட இந்திய நகரங்களில் ஓடும் மின்-ரிக்‌ஷாக்களில் பெரும்பாலானவை ஈய பேட்டரியிலேயே பெருகின. ஒரு வண்டிக்கு நான்கு பேட்டரி. அரசின் கணக்கில் அவையும் பசுமை வாகனங்களே.

விதிகள் எதை எண்ணுகின்றன

லித்தியம் பேட்டரி ஈயத்தைப் போலக் கொட்டகையில் உருக்கி எடுக்கத்தக்கதன்று; அமிலப் பிரிப்புக்குப் பெரும் முதலீடு தேவை. எனவே எல்லாமே முறைசார்ந்த ஆலைகளுக்குச் சென்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சேகரிப்பது, கழற்றுவது, நல்ல செல்லைப் பொறுக்கி மறுவிற்பனைக்குக் கட்டுவது, செம்பை உருவுவது, அரைத்துக் கருந்தூளாக்குவது ஆகிய அனைத்தையும் சிறு கொட்டகையில் செய்ய முடியும். கருந்தூள் மூட்டையாகப் பெரிய ஆலைக்குப் போனால் போதும்; அங்கே எல்லாம் சுத்தமாக, கணினித் திரைகளோடு, அயல்நாட்டு விருந்தினருக்குக் காட்டும்படி இருக்கும். அம்பேத்கர் 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் உழைப்பைப் பிரிப்பதையும் உழைப்பாளரைப் பிரிப்பதையும் வேறுபடுத்திக் காட்டினார். பேட்டரித் தொழிலில் நாம் பார்க்கவிருப்பது இரண்டாவதை.

ஒன்றிய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்கு மாற்று. இவற்றின் அடிப்படை, ‘விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’. பேட்டரியைச் சந்தையில் விற்பவரே அதைத் திரும்பப் பெறவும் மறுசுழற்சி செய்யவும் பொறுப்பாளி. அதைத் தானே செய்யலாம், அல்லது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். மின்சார வாகன பேட்டரியிலுள்ள பொருள்களில் 2024-25இல் 70 விழுக்காடும், 2026-27 முதல் 90 விழுக்காடும் மீட்கப்பட வேண்டும். புதிய பேட்டரியில் மறுசுழற்சிப் பொருள் 2027-28இல் 5 விழுக்காடு, 2030-31இல் 20 விழுக்காடு இருக்க வேண்டும்.

நல்ல இலக்குகள். ஆனால் சான்றிதழின் அலகு கிலோ. எவ்வளவு உலோகம் மீண்டது என்பதே கேள்வி. அதை மீட்டவர் கையுறை அணிந்திருந்தாரா, அவருக்கு என்ன கூலி, அவர் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பன அந்த அலகுக்குள் வருவதில்லை. கிலோ கணக்கையும் நம்பிவிட முடியாது. நெகிழிக் கழிவுக்கு இதே முறையில் வழங்கப்பட்ட சான்றிதழ்களில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவை போலி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டறிந்தது. 2027-28 நெருங்கும்போது மறுசுழற்சி உலோகத்துக்குக் கட்டாயத் தேவை உருவாகும், பழைய பேட்டரியின் விலை ஏறும், பிடிக்க ஓடும் கைகளும் பெருகும்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதற்கு அரசிடமே ஒரு பக்கத்துச் சான்று இருக்கிறது. கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களுக்கான நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் பதியப்பட்ட 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பட்டியல் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 விழுக்காடு. கழிவு சேகரிப்போரும் 2024இல் அத்திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். பேட்டரி சேகரித்து உடைப்போரை ஒரு தனிப் பிரிவாகவே அதில் பதிய வேண்டும் என்பது எளிய, உடனடியாகச் செய்யத்தக்க கோரிக்கை.

இன்னொரு வாயில் தொழிலாளர் சட்டத்தில் உண்டு. ஈய நச்சு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றது. கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் ‘தொழிற்சாலை’ ஆவதற்கு மின்விசை உள்ள இடத்தில் குறைந்தது 10 தொழிலாளர் வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 20 ஆக உயர்த்திவிட்டது. ஆறு பேர் வேலை செய்யும் கொட்டகை இன்னும் தொலைவுக்குத் தள்ளப்பட்டது. எனினும் அதே சட்டம், உயிருக்கு ஆபத்தான தொழில் என்று அரசு அறிவிக்கை செய்தால், ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் பொருந்தும் என்கிறது. பேட்டரி உடைப்பை அப்படி அறிவிக்கச் செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

அடுத்தது பணம். முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்வோருக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய மறுசுழற்சியாளர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுள்ளது. ‘சிறிய’ என்ற சொல்லில் யார் நுழைவார்கள்? நிலமும் வங்கிப் பிணையும் ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதும் ஆலோசகரும் உள்ளவர்கள் நுழைவார்கள். பொதுத்துறைக் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு என்று 2012 முதல் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் நடைமுறை மெச்சத்தக்கதாக இல்லை என்பது வேறு கதை; ஆனாலும் முன்மாதிரி இருக்கிறது. பேட்டரி மறுசுழற்சியில் அதைவிடக் கூடுதலாக, உடைக்கும் கொட்டகையில் அல்லாமல் ஆலையின் உரிமையிலும் ஆய்வகத்திலும் பங்கு கேட்பது நம் உரிமை. இத்தொழிலைப் பற்றி நம்மவருக்குத் தெரிந்தவை, எந்தத் திட்ட ஆலோசகருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் இது தொலைதூரச் செய்தியன்று. திருப்பெரும்புதூரில் ஹூண்டாயும் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்டும் மின்சாரக் கார்களையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா மின்சார ஸ்கூட்டர்களையும் உருவாக்குகின்றன. தயாரிப்பு நடக்கும் மாநிலத்தில், கழிவான செல்களும் தயாரிப்புப் பிழையால் ஒதுக்கப்படும் செல்களும் முதல் நாளிலிருந்தே சேர்கின்றன. எட்டாண்டு உத்தரவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் யார், எந்த ஊரில், எவ்வளவு கொள்ளளவில் இயங்குகிறார், இயக்க இசைவாணையில் என்ன நிபந்தனைகள், கசடும் கழிவுநீரும் எங்கே போகின்றன, ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கடைசியாக இரத்தப் பரிசோதனை நடந்தது எப்போது என்பனவற்றை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடமும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் குழு போதும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.